அரிசி மூட்டைக்குப் பதிலாக

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மின்சாரக் கம்பெனி அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தபோது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வண்டி பழசுதான். இடது பக்கத்தில் தனிச் சக்கரத்தோடு ஒரு தொட்டியைப் பிணைத்திருந்தார்கள். அதற்கு சைட்கார் என்று பெயர், கம்பிச் சுருளும் பல்பும் கருவிப் பெட்டியும் ஏற்றிப் போகத்தான் அது என்று அவர் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "துணி ஊறப்போட நல்லா இருக்கும்" என்றார்.

அவர் வயர்மேன். கோலகுபுவுக்கும் மேலே, பிரேசர் மலையில் வெள்ளைக்காரர்களுக்கு ஓய்வு பங்களாக்கள் இருந்தன. கோலாலம்பூர் வெயில் தாங்கவில்லை என்று குளிரைத் தேடி அங்கே போவார்கள். போனதும் கணப்பில் விறகைப் போட்டுக் கொளுத்தி, அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். அதற்கு எதற்கு அவ்வளவு தூரம் ஏறிப் போகவேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த பங்களாக்களில் விளக்கெரிய சிறிய மின்சார எஞ்சின்கள் இருந்தன. மாதம் ஒருமுறை போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவதுதான் இவர் வேலை.

போகும்போது பிரச்சினை இல்லை. சைட்காரில் சாமான் இருக்கும், கனமாக இருக்கும். சாமானை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வினை. காலி சைட்கார் இடது பக்க வளைவுகளில் தரையை விட்டு எழும்பும். மலைப்பாதையோ வளைவைத் தவிர வேறொன்றும் இல்லாத பாதை. முதல் தடவை போய்வந்த அன்று அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒரு திருப்பத்தில் மூணாவது சக்கரம் என் தோள் உயரத்துக்கு வந்துருச்சு" என்றார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த மாதம் பாரத்துக்காக வீட்டில் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கி சைட்காரில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்பும்போது ராவாங்கிலிருந்து செலாயாங் வரைக்கும் விடாத மழை. வீட்டு வாசலில் இறக்கியபோது மூட்டையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அந்த வாரம் முழுக்க இடியாப்பமும் புட்டும்தான். உரல் சத்தம் ஓயவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் எரிச்சல்.

"அடுத்த தடவை மூட்டைக்குப் பதிலா நான் வரேங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நீ அவ்வளவு கனம் இருப்பியா?"

"இருப்பேன். மழை பெஞ்சா ஊறவும் மாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த விதத்தில், எடை போடுகிறார் என்று தெரிந்தது. அடுத்த மாதம் நான் சைட்காரில் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது, வேலை செய்யவேண்டும் என்பது போனபிறகுதான் தெரிந்தது. இடது வளைவு வந்தால் "இடம்" என்று கத்துவார். நான் சைட்காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து தொங்கவேண்டும். "வலம்" என்றால் அவர் பக்கமாகச் சரியவேண்டும். மரத்தில் இருந்த குரங்குகள் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தன. முதல் நாள் நான் ஒரு வளைவில் தப்பான பக்கம் சாய்ந்து அவர் தொடையில் முட்டிக்கொண்டேன். இரண்டாவது பயணத்தில் அவர் கத்துவதற்கு முன்னாலேயே என் உடம்பு சாய்ந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பாதையைப் பார்க்கும் கண், வண்டிச் சத்தத்தைக் கேட்கும் காது இரண்டும் எனக்கு அந்தத் தொட்டியில்தான் கிடைத்தன.

நான் சொல்ல வந்தது கார்த்திகைக் கடைசியில் நாங்கள் போன பயணத்தை.

அப்போது கிள்ளானில் என் மாமனார் வீட்டில் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசமாட்டார்கள். அதனால் கார்த்திகை முடிவதற்குள் இருந்த ஒரே நல்ல நாளைப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையனுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. வீட்டுக்கு மூத்த மகன் என்பதால் இவர் முன்னால் நின்று வரவேற்கவேண்டும், மருமகள் நான் கூடவே நிற்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மலையில் ஒரு பங்களாவின் எஞ்சின் படுத்துவிட்டது என்று ஆள் வந்தது. விருந்தாளிகள் வரப்போகிறார்கள், உடனே வா என்று முதலாளி உத்தரவு.

"முந்தின நாள் போறோம், ராத்திரி தங்கறோம், விடிஞ்சதும் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிள்ளானுக்கு வந்துடறோம்" என்று மாமியாரிடம் சொன்னார்.

மாமியார் என்னைப் பார்த்தார். "நீயாவது நேரத்துக்குக் கூட்டிட்டு வா" என்றார். வண்டியை ஓட்டுவது நான் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் சொன்னார்.

கோலகுபு வரைக்கும் சாதாரண மழை. அதற்கு மேலே ஏற ஏற மழை பனியாக மாறி முகத்தில் அப்பியது. மலைக்கு ஏறும் கடைசிப் பாதை ஒற்றைப் பாதை. கேப் என்ற இடத்தில் ஒரு கேட் இருக்கும். கொஞ்ச நேரம் ஏறுகிற வண்டிகளை விடுவார்கள், கொஞ்ச நேரம் இறங்குகிற வண்டிகளை விடுவார்கள். அங்கே கேட் திறக்கக் காத்திருந்தபோது குளிருக்கான அலங்காரத்தை முடித்துக்கொண்டோம். அவர் வெள்ளைச் சட்டையின் மேல் பழைய தமிழ்ப் பேப்பரை மார்புக்கும் முதுகுக்கும் அடுக்கடுக்காக வைத்து, அதன் மேல் பாசார் சந்தையில் வாங்கின பழைய பட்டாளக் கோட்டை மாட்டிக்கொண்டார். காற்றைத் தடுக்கப் பேப்பரைப் போல ஒன்றும் இல்லை என்று எந்த மோட்டார் சைக்கிள்காரரும் சொல்வார். கைக்கு உறை இல்லை. அவருடைய கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டிவிட்டேன். நான் சேலைக்கு மேலே சால்வை, அதற்கு மேலே சாக்கு, காலில் அவருடைய இன்னொரு ஜோடிக் காலுறை. கேட் காவல்காரர் ஒரு மலாய்க்காரர். என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது ஆளா சாமானா என்று இவரிடம் கேட்டார்.

மேலே போய்ச் சேர்ந்ததும் இவர் எஞ்சினைப் பிரித்து உட்கார்ந்தார். பொழுது சாயும்போது பங்களாவில் விளக்கு எரிந்தது. தோட்டக்காரரும் அவர் சம்சாரமும் நம் ஆட்கள், பங்களாவின் பின்பக்கத்து அறை ஒன்றில் குடியிருந்தார்கள். அங்கேயே எங்களுக்கும் பாய் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை மட்டும் வெளியே கூரை ஓரத்தில் நிறுத்தியிருந்தோம். மழை படாதே என்று நினைத்தோம். பனியை நினைக்கவில்லை.

விடிந்து பார்த்தால் முன்னால் இருந்த மரமே தெரியவில்லை. வண்டி முழுக்கத் தண்ணீர் முத்துமுத்தாய் நின்றது. அவர் கிக்கரை மிதித்தார். கால் கீழே போகவே மாட்டேன் என்றது. குளிரில் எஞ்சின் எண்ணெய் வெல்லப் பாகு மாதிரி இறுகியிருந்தது. மறுபடி மிதித்தார். கோட்டைக் கழற்றிவிட்டு மிதித்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது, வண்டிக்கு மட்டும் சூடு ஏறவில்லை.

"எண்ணெயைச் சுட வைக்கலாமா?" என்று கேட்டேன்.

தோட்டக்கார அக்காவின் அடுப்பில், அவர் வேண்டாம் என்று ஒதுக்கிக் கொடுத்த ஈயம் போன சட்டியில், எண்ணெயை இறக்கி இளஞ்சூடாக்கினோம். பிளக்கைக் கழற்றி அடுப்போரத்தில் தோசைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டோம். திரும்ப ஊற்றி, மாட்டி, மிதித்தபோது கால் நன்றாக இறங்கியது. ஆனால் வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

அவர் பிளக்கை வெளியே எடுத்து இரும்பின் மேல் வைத்து என்னை மிதிக்கச் சொன்னார். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மிதித்தேன். பிளக்கின் நுனியில் நீலப்பொறி வரவேண்டும். வரவில்லை.

"மேக்னெட்டோவில் ஈரம் இறங்கிடுச்சு" என்றார். பொறியை உண்டாக்கும் உருண்டையான சாமான் அது. சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் இருந்தால் அரை நாள் காயவைத்தால் சரியாகிவிடும், ஆனால் அந்த மலையில் வெயில் எங்கே?

தோட்டக்கார அக்கா ஒரு வார்த்தை சொன்னார். "பெரிய குசினியில் ரொட்டி சுடற அடுப்பு இருக்கே."

பங்களாவின் சமையல்காரர் ஹைனான் சீனர், நரைத்த ஆள். குசினி வாசலைத் தாண்டி எங்களைப் போன்றவர்களை அவர் விட்டதில்லை என்று அக்கா எச்சரித்துத்தான் அனுப்பினார். நாங்கள் மேக்னெட்டோவைக் கழற்றினோம். கழற்றுவதற்கு முன்னால் எந்தச் சக்கரப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருந்தது என்று அடையாளம் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது பொறி தப்பான நேரத்தில் வரும். நான் அக்காவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டு, எண்ணெய் துடைத்த பற்களில் பொட்டு வைத்தேன். பிறகு அந்தச் சாமானைப் பிள்ளையைத் தூக்குவது போல் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றோம்.

பேச்சு பாசார் மலாயில், சந்தையில் எல்லாரும் பேசுகிற கொச்சை மலாயில், நடந்தது. இவர் விவரம் சொன்னார். சமையல்காரர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"என் அடுப்பில் ரொட்டி இருக்குலா" என்றார். "துரைக்குக் காலைச் சாப்பாடு. இது எண்ணெய் நாத்தம் அடிக்குது."

"ரொட்டி எடுத்தபிறகு வைக்கலாமே" என்றார் இவர்.

"அப்புறம் கோழி."

நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "அண்ணே, இன்னிக்கு இவர் தங்கச்சியைப் பெண் பார்க்க வராங்க. கிள்ளானில். நாங்க போகலேன்னா பொண்ணு முகம் கோணிப் போயிடும்."

சமையல்காரர் என்னைப் பார்த்தார். தலையில் சால்வை, இடுப்பில் சாக்கு, கை முழுக்க எஞ்சின் எண்ணெய், விரல் நுனியில் சுண்ணாம்பு. பெண் பார்க்கும் வீட்டுக்குப் போகிற கோலமா இது என்று நினைத்திருப்பார்.

"பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். தனக்கும் அங்கே ஹைனானில் அதே வயதில் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். ரொட்டிகளை வெளியே எடுத்தார். தணலைப் பாதிக்கும் மேலே வாரி வெளியே தள்ளினார். அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு இவரையும் நீட்டிப் பார்க்கச் சொன்னார்.

"இன்னும் சூடு ஜாஸ்தி" என்றார் இவர். "உள்ளே இருக்கற அரக்கு உருகிடும்."

சமையல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ரொட்டி சுடுகிறவனிடம் அடுப்புச் சூட்டைப் பற்றிப் பேசுகிறாயா என்கிற மாதிரி ஏதோ சீனத்தில் சொன்னார். ஆனாலும் இன்னும் கொஞ்சம் தணலை வெளியே தள்ளினார். பழைய தகர ட்ரே ஒன்றில் மேக்னெட்டோவை வைத்து உள்ளே நகர்த்தி, கதவை ஒரு விரல் இடம் விட்டுச் சாத்தினார். அதிலிருந்து ஆவி கிளம்பியது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துரைசானி மணியடித்து ரொட்டி கேட்டாள், அவர் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். நடுவில் எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு ரொட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்தார். அதற்குள் முதல் இறக்க நேரம் முடிந்து கேட் மூடியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வழியாகச் சாமானை வெளியே எடுத்து, சுண்ணாம்புப் பொட்டுக்குச் சுண்ணாம்புப் பொட்டு பார்த்து மாட்டினோம். இவர் கார்புரேட்டரை அமுக்கிப் பெட்ரோல் சொட்டவைத்தார். கிக்கரை மிதித்தார். முதல் மிதியில் ஒரு தும்மல். இரண்டாவதில் வண்டி பட்டென்று பிடித்துக்கொண்டு மலையே அதிரும்படி கத்தியது. தோட்டக்காரரின் கோழிகள் பறந்தன. சமையல்காரர் குசினி வாசலில் நின்று, தானே செய்த வண்டி மாதிரி தலையை ஆட்டினார். கிளம்பும்போது கொதிக்கக் கொதிக்க அவித்த முட்டைகளைக் கொண்டு வந்து இவர் கோட்டுப் பைகளில் இரண்டு பக்கமும் போட்டார்.

"சாப்பிடவா?" என்று கேட்டேன்.

"முதல்ல கைக்கு. அப்புறம் வாய்க்கு" என்றார்.

இறக்கத்தில்தான் அந்த முட்டைகளின் அருமை தெரிந்தது. ஏற்றத்தில் எஞ்சினாவது சூடு கொடுக்கும். இறக்கத்தில் எஞ்சின் சும்மா ஓடும், காற்றுதான் வெட்டும். நாலு வளைவுக்கு ஒருமுறை அவர் விரல் பிரேக்கைப் பிடிக்க வராமல் மரத்துப்போகும். நிறுத்திப் பைகளுக்குள் கையை விட்டு முட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அவர் காதைத் தேய்த்துவிடுவேன். பிறகு "இடம்", "வலம்" என்று மறுபடி கிளம்புவோம். எதற்கென்று தெரியவில்லை, ஒரு திருப்பத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரம் கட்டினோம். கோலகுபுவில் வெயில் அடித்தது. முட்டையை உரித்துத் தின்றுவிட்டுச் சாக்கையும் சால்வையையும் மடித்தேன்.

கிள்ளானில் நாங்கள் வாசலில் போய் நின்றபோது மாப்பிள்ளை வீட்டார் வந்து, பலகாரம் சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, காபியும் குடித்து முடித்திருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மாமனார், "என் மூத்த மகன், மலையிலிருந்து வேலை முடிச்சு வரான்" என்று எழுந்து அறிமுகம் செய்தார். இவரும் மரியாதைக்காகக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். உள்ளே இருந்த பேப்பர் பனியிலும் வியர்வையிலும் நனைந்து கூழாகி, மை அத்தனையும் வெள்ளைச் சட்டையில் ஏறியிருந்தது. மார்பு முழுக்க எழுத்து, அதுவும் இடவலம் மாறி.

பையனின் அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இவர் மார்பை வாசிக்கப் பார்த்தார், முடியவில்லை. "தம்பி, பேப்பரை எல்லாரும் படிப்பாங்க. உடுத்தறவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். முதலில் சிரித்தது என் மாமனார். பிறகு எல்லாரும்.

அதுவரை மாப்பிள்ளைப் பையன் தலை நிமிரவில்லையாம். நாங்கள் மோட்டார் சைக்கிளில் வந்தோம் என்று கேட்டதும் மெல்ல எழுந்தான். இவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்ததும் இருவரும் வாசலுக்குப் போனார்கள். போனவர்கள் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். இவர் மேக்னெட்டோவைக் காட்டி, ரொட்டி அடுப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் உள்ளறையில் நகையோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறதோ என்று பயந்து போய்ப் பார்த்தேன். கோபம்தான் நின்றது.

"அண்ணி, அவர் என்னைப் பார்க்க வந்தாரா, வண்டியைப் பார்க்க வந்தாரா? நான் காபி கொடுத்தப்போ தட்டைத்தான் பார்த்தார்."

நாங்கள் நேரத்துக்கு வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பெரியவர்கள் கிளம்புகிற நேரத்தில் பையன் கையெல்லாம் கறுப்பாக நின்றான். கை கழுவ அவனைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். மாமியார் என்னிடம் சொம்பைக் கொடுத்தார். நான் அதை நாத்தனார் கையில் திணித்து, "நீ போய் ஊத்து" என்றேன். அவள் முறைத்தாள். ஆனாலும் போனாள். போனவள் உடனே வந்திருக்கலாம். ஒரு கை கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

வண்டி ஏறி அவர்கள் போனபிறகு, "என்னடி பேசினார்?" என்று கேட்டேன்.

"சீயக்காய் போட்டா எண்ணெய்க் கறை போகுமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"போகாது, எலுமிச்சையும் உப்பும் போடணும்னு சொன்னேன். போட்டுத் தேய்ச்சும் விட்டேன்." சொல்லிவிட்டு அவள் பலகாரத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு நிம்மதி வந்தது. அன்று இரவே, பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடுவார்கள். ஆண்கள் இருவரும் சாக்கை விரித்து, வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். சாயங்காலம்வரை அவர்களுக்கு வேறு உலகம் கிடையாது. நாத்தனாரும் நானும் சோற்றையும் குழம்பையும் மூடி வைத்துவிட்டு, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, படம் பார்க்கப் போய்விடுவோம்.